பெரியண்ணன் சாக வேண்டிய காட்சி

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குன்னுதானே திரும்பித் திரும்பிப் பார்க்கிறீங்க? இல்லையா? ஓ, ஜன்னலை மூடச் சொல்லத்தான் பார்த்தீங்களா? மூடிடுறேன் சார். இது பாதிதான் வரும்போல, இருக்கட்டும். ஆனா யோசிச்சுப் பாருங்க, கட்டாயம் பார்த்திருப்பீங்க. பவளக்கண்ணன். சோகச்சுடர் பவளக்கண்ணன். லால்குடியில ஒரு விழாவுல குடுத்த பட்டம் அது, நானா வச்சுக்கிட்டதில்லை. மேடையில நான் அழுதேன்னா முன் வரிசையில கர்ச்சீப்பை எடுப்பாங்க, பின் வரிசையில முந்தானையை எடுப்பாங்க. அப்படி ஒரு ராசி.

துறையூர் வரைக்குமா போறீங்க? நான் அதுக்கு முன்னாடியே மாவலிப்பட்டி விலக்குல எறங்கிடுவேன். ஒரு வேலை இருக்கு. என்ன வேலைன்னு கேக்க மாட்டீங்களா? கேட்டா சிரிப்பீங்க. சாகப் போறேன் சார்.

அட, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. மருந்து கிருந்து குடிக்கிற ஆளில்லை நான். நடிக்கத்தான் போறேன். ஆனா நடிப்புன்னும் முழுசாச் சொல்ல முடியாது. நீங்க படிச்சவர் மாதிரித் தெரியுது, முழுசாக் கேட்டுட்டு நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. வீட்ல சொன்னா திட்டுறாங்க, குழுவுல சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். வேலை சோத்துக்கு, நாடகம் எனக்கு. ராசா வேசம் போட்டிருக்கேன், குடிகார அப்பன் வேசம் போட்டிருக்கேன், ஆனா எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தது பூராவும் சாவுதான். காசநோய்ல செத்திருக்கேன், தூக்குல செத்திருக்கேன், மகன் உதைச்சுச் செத்திருக்கேன். திருச்சி ஜில்லாவுல மேடையில என்னளவுக்குச் செத்தவன் யாருமில்லைன்னு ஒரு பத்திரிகைக்காரரே சொல்லியிருக்காரு. எழுதலை, வாயால சொன்னாரு.

இப்படி இருக்கறப்பதான் ஜெசிந்தா மேடம் வந்தாங்க. காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் குடுக்கிறவங்க. கட்டை முடி, தோள்ல ஒரு ஜோல்னாப் பை, சிரிச்சு நான் பார்த்ததில்லை. அவங்களே ஒரு நாடகம் எழுதி, அவங்களே போடுறாங்க. 'திரும்பாத ஆட்கள்'னு பேரு. ரெண்டாம் உலகச் சண்டைக்கு முன்னாடி நம்ம முசிறி, துறையூர்ப் பக்கமிருந்து சனங்க மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனாங்கள்ல? சப்பான்காரன் வந்து மலேயாவைப் புடிச்சதும், அந்தச் சனங்களை லாரி லாரியா ஏத்தி, சயாம் காட்டுல பர்மாவுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிட்டான். காலரா, பசி, அடி. போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பலை. "பாதை எத்தனை மைல்னு புஸ்தகத்துல இருக்கு சார், அதுக்குக் கீழ படுத்துக்கிடக்கிறவன் எந்த ஊர்னு இல்லை" அப்படிம்பாங்க மேடம். எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்தது. அதுல படுத்துக்கிடக்கிறவன் வேசம் எனக்குத்தான்.

பெரியண்ணன். மாவலிப்பட்டி பெரியண்ணன். கற்பனை ஆளில்லை சார், நெசமான ஆளு. அவர் மகன் இருக்காரு, வீரமலைன்னு. எண்பதை எட்டப்போறாரு, இன்னும் சின்ன வெங்காயம் போட்டுக்கிட்டு இருக்காரு. அவர் தொட்டில்ல கிடக்கறப்ப அப்பன் கப்பல் ஏறுனதாம். ரெண்டு மூணு கடுதாசி வந்திருக்கு, சண்டை வந்ததும் அதுவும் நின்னுபோச்சு. அவ்வளவுதான். செத்தாரா, இருக்காரா, அங்கேயே வேற குடும்பம் பண்ணிட்டாரா, ஒண்ணும் தெரியாது. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லலை.

இதுல ஒரு சிக்கல் பாருங்க. மாவலிப்பட்டியில ஒரு வழக்கம். ஆள் செத்தான்னா, பார்த்தவன் ஒருத்தன் வந்து ஊர் முன்னாடி சொல்லணும். சொன்னாத்தான் எழவு. சொல்லாட்டி அந்த ஆள் இருக்கான்னு அர்த்தம். அதனால பெரியண்ணன் இருக்காரு. இருந்தா நூத்திப் பத்து வயசுக்கு மேல. வீரமலை வயசுக்காரங்க எல்லாரும் அமாவாசைக்கு விரதம் இருக்காங்க, இவரு மட்டும் மூணு வேளையும் சாப்பிடணும். அப்பன் இருக்கிறவன் அமாவாசை விரதம் இருக்கக்கூடாதில்லையா? "கொடுத்து வச்சவன்யா, இந்த வயசுலயும் அப்பன் இருக்கான்"னு டீக்கடையில கேலி பண்ணுவானுங்களாம். பொண்ணு கல்யாணப் பத்திரிகையில அப்பன் பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னும் போட முடியலை, திருன்னும் போட மனசு வரலை. வெறும் பேரா அடிச்சிருக்காரு.

அம்மா மருதாயி சாகுற வரைக்கும் தாலியோட இருந்திருக்கு. செத்தப்ப சுமங்கலியா அறுத்தவளான்னு தகராறு. பொணத்தை வாசல்ல போட்டுட்டுப் பொழுது சாயற வரைக்கும் பேசியிருக்காங்க. கடைசியில பொட்டு வைக்கலாம், பூ வைக்க வேணாம்னு முடிவாச்சாம். வீரமலை இதைச் சொன்னப்ப ஜெசிந்தா மேடம் எந்திரிச்சு வெளியே போயிட்டாங்க. நான் அந்த இடத்தை நல்லா மனசுல வாங்கிக்கிட்டேன். நடிகனுக்கு இதெல்லாம் சரக்கு சார்.

அவர் மேடம்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "எங்கப்பாவைச் சாகடிச்சுக் குடுத்துருங்க தாயி"ன்னாரு. "ஊரே பார்க்கச் சாகடிச்சு, செத்துட்டான்னு ஒருத்தர் வாயால சொல்லிருங்க. நான் போறதுக்குள்ள அவரு போகணும். நான் முந்திட்டா அவரை யாரு அனுப்புறது? வரிசையாப் போகணுமில்ல?"

பெத்த அப்பன் சாகணும்னு மகன் கேக்குறான். எனக்கு அப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு.

மேடம் விடலை. மாவலிப்பட்டி போயி, பிரசிடென்ட்டு, ஊர்ப் பெரியவங்க எல்லாரையும் உக்கார வச்சுப் பேசினாங்க. சயாம்ல செத்தது எவ்வளவு பேருன்னு புஸ்தகத்தைக் காட்டினாங்களாம். "இதுல மாவலிப்பட்டின்னு இருக்கா?"ன்னு பிரசிடென்ட்டு கேட்டாராம். எங்கே இருக்கு? கடைசியில அவரே ஒரு வழி சொன்னாரு. "மாரியம்மன் நோம்பி முடிஞ்சு காப்பு அவுத்ததும், பந்தலைப் பிரிக்காம வைக்கிறோம். அதுல நாடகத்தைப் போடுங்க. ஊர் பூராவும் இருக்கும். ஊர்ப்பேரும் ஆள் பேரும் சேர்த்து, பெரியண்ணன் செத்துட்டான்னு மேடையில ஒருத்தன் சொல்லட்டும். அதையே எழவு சொன்னதா எடுத்துக்கிறோம்." மறுநாள் காலையில காரியம்னு வீரமலை சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டுட்டாரு. உடம்பு இல்லாத ஆளுக்கு மாவுல உருவம் புடிச்சு எரிப்பாங்களாம். அதுக்கும் ஏற்பாடாச்சு.

ஒத்திகைக்குக்கூட வந்தாரு மனுசன். ஒரு பை வெங்காயத்தோட வந்து, மூலையில ஒரு ஸ்டூல்ல உக்காந்திருப்பாரு. நான் சாகறப்ப மட்டும் கிட்ட வந்து நிப்பாரு. என் நடிப்பைப் பார்க்கத்தான் வர்றாருன்னு நெனைச்சேன். கூட்டாளி வேசம் போட்ட ஸ்டீபன்கிட்டப் போயி, "தம்பி, மாவலிப்பட்டிங்கறதை அழுத்திச் சொல்லுங்க, பெரியண்ணன்னு எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. என்னைப் பத்தி ஒரு வார்த்தை? கிடையாது.

இப்ப அந்தச் சாவுக் காட்சியைச் சொல்றேன், கேளுங்க. மூங்கில் கொட்டகை. காலராவுல கிடக்கேன். வசனம் கிடையாது. "தண்ணி"ன்னு ஒரு தடவை. அவ்வளவுதான். தலை சாயும். ஸ்டீபன் ஒரு கோணிச் சாக்கை எடுத்து என்மேல போர்த்துவான். மூஞ்சியோட சேர்த்து! அப்புறம் அவன் முன்னாடி வந்து, "மாவலிப்பட்டி பெரியண்ணன் செத்துட்டான்"ம்பான். மேடையில அந்தப் பக்கம், மாவலிப்பட்டி வீட்ல, மங்கலான வெளிச்சத்துல மருதாயியா நடிக்கிற சுகந்தி முறத்துல புடைச்சுக்கிட்டே இருக்கும், அதுக்குச் சேதி தெரியாது. விளக்கு அணையும். சனங்க கை தட்டுவாங்க பாருங்க, ஐயோ. அந்தக் கைதட்டு பூராவும் ஸ்டீபனுக்கும் சுகந்திக்கும் போகுது. நான் சாக்குக்குள்ள கிடக்கேன். தூசி வேற, தும்மல் வேற வரும்.

நான் மேடம்கிட்டக் கேட்டேன். "அம்மா, ஒரு நாலு வரி வசனம் குடுங்க, பொண்டாட்டி புள்ளையை நெனைச்சுக் கதறுற மாதிரி. சனம் உருகிடும்"னேன். "வேணாம் சார். அங்க அவன் கத்தியிருந்தாலும் கேக்க ஆளில்லை" அப்படின்னாங்க. "கேக்க ஆளில்லைன்னு எப்படிம்மா சொல்றீங்க? எதிர்ல ஐந்நூறு பேரு உக்காந்திருக்காங்களே"ன்னேன். நியாயமான கேள்விதானே? அதுக்கு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அப்புறம் "ரயில் பாதையைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா"ன்னு பேச்சை மாத்திட்டாங்க.

தஞ்சாவூர்ல போட்டோம், பெரம்பலூர்ல போட்டோம். நல்ல பேரு. லால்குடியில ஒரு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, "உங்களைச் சாகடிச்சிருக்கக் கூடாதுங்க, ராத்திரி தூக்கமே வராது"ன்னாங்க. அதை மேடம்கிட்ட சொன்னேன். "தூக்கம் வரக்கூடாதுன்னுதான் போடுறோம்"னாங்க. பாருங்க, சனத்துமேல இவங்களுக்கு இரக்கம் இருக்கா? காசு குடுத்தோ குடுக்காமலோ வர்றவன் சந்தோசமா வீட்டுக்குப் போகணுமா இல்லையா? சினிமாவுல கதாநாயகன் செத்தா நம்மாளுங்க ஸ்கிரீனைக் கிழிக்கிறாங்களா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

மாவலிப்பட்டி நாடகத்தன்னிக்கு என்ன கூட்டம்ங்கிறீங்க! அக்கம்பக்கத்து ஊரெல்லாம் வந்துருச்சு. முன்னாடி ஒரே ஒரு நாற்காலி, அதுல வீரமலை. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, பக்கத்துல மகன், மருமக, பேரப்புள்ளைங்க. கையைக் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உக்காந்திருக்காரு. நாடகம் ஆரம்பிச்சதும் சனம் அப்படியே கட்டுப்பட்டுப் போச்சு. கப்பல் ஏறுற காட்சியில ஒரு பொம்பளை "போகாதய்யா"ன்னு கத்துது. சப்பான்காரன் வேசக்காரனை ஒருத்தன் செருப்பால அடிச்சான். நான் காலராவுல விழுந்தப்ப "ஐயோ பெரியண்ணா"ன்னு ஒரு சத்தம். பந்தல் முழுக்க விசும்பல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது சார். இப்படி ஒரு சனம் எனக்குக் கிடைச்சதே இல்லை.

தலை சாய்ஞ்சேன். சாக்கு வந்து மூடுச்சு. இருட்டு. ஸ்டீபன் முன்னாடி போற சத்தம் கேக்குது. "மாவலிப்பட்டி"ன்னு ஆரம்பிச்சான். அழுத்தித்தான் ஆரம்பிச்சான். எனக்கு என்ன தோணுச்சுன்னா, இத்தனை சனம் எனக்காக அழுவுது, இந்தச் சனத்தை இப்படியே விட்டுட்டா போறது? பாவமில்லையா? அந்தப் பெரியவர், தொட்டில்லருந்து அப்பனைப் பார்க்காத மனுசன், முன்னாடி உக்காந்திருக்காரு. அவருக்கு ஒரே ஒரு நாளாச்சும் அப்பன் திரும்பி வந்ததைக் காட்டக் கூடாதா? என்னால முடியுமே!

இருமினேன்.

ஸ்டீபன் திரும்பிப் பார்த்தான், வாயிலிருந்த மிச்ச வசனத்தை முழுங்கிட்டான். நான் சாக்கை ஒதுக்கிட்டு மெதுவா எந்திரிச்சேன். தள்ளாடி நின்னேன். "மருதாயி!"ன்னு ஒரு கூப்பாடு போட்டேன் பாருங்க, மைக்கு கீச்சுன்னு கத்துச்சு. சயாம்லருந்து மாவலிப்பட்டிக்கு நாலே எட்டுதான், நடந்து போயிட்டேன். சுகந்தி கையில முறத்தோட அப்படியே செலையா நிக்குது. சந்தோசத்துல அப்படி நின்ன மாதிரி எடுத்துக்கிட்டாங்க சனங்க. அப்புறம் சுகந்தி என்கிட்ட பேசுறதை விட்டுருச்சு, அது வேற.

கைதட்டா அது? விசில், குலவை! நோம்பிக்கு வாங்கி மிச்சம் வச்சிருந்த சரவெடியை எவனோ கொளுத்திட்டான். நாலஞ்சு பொம்பளைங்க ஓடிப்போயி, தாம்பாளத்துல ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு மேடைக்கே வந்துட்டாங்க சார்! கடல் தாண்டிப் போன ஆளு ஊருக்குத் திரும்பினா எடுப்பாங்கள்ல, அதே மாதிரி. சுத்தி எடுத்து, நெத்தியில பொட்டு வச்சு, "உள்ள வாய்யா"ன்னு ஒரு அம்மா கூப்பிடுது. பிரசிடென்ட்டே எந்திரிச்சு நின்னு கைதட்டினாரு. நான் கும்பிட்டேன். ஜெசிந்தா மேடம் எங்கேன்னு பார்த்தேன். மேடை ஓரத்துல தரையில உக்காந்திருந்தாங்க, தலையைக் கையில புடிச்சுக்கிட்டு. அவங்க எழுதினதை மாத்திட்டேன்னு பொறாமைன்னு நெனைச்சேன்.

வீரமலை எந்திரிச்சு மேடைக்கு வந்தாரு. தோள்ல இருந்த துண்டைக் கையில எடுத்தாரு. பொன்னாடையா போர்த்தப் போறாருன்னு லேசாக் குனிஞ்சு நின்னேன். அவரு அந்தத் துண்டால வாயைப் பொத்திக்கிட்டு என் கையைப் புடிச்சாரு. மைக்குல விழாத மாதிரி, என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி கேட்டாரு.

"வர வழி இருந்துச்சா உனக்கு?"

நீங்க இல்லை, உனக்கு. சின்னப் புள்ளை அப்பனைக் கேக்குற மாதிரி. "நாலு எட்டுல வந்துட்டியே. இவ்வளவு சுளுவா வர வழி இருந்துச்சுன்னா, எங்கம்மா இருந்தப்ப ஏன் வரலை?"

சார், நாப்பது வருசமா நாடகம் போடுறேன். எதிர்ல நிக்கிறவன் வசனத்தை மறந்தாலும் சேர்த்துப் பேசிச் சமாளிக்கிறவன் நான். எனக்கு ஒரு வார்த்தை வரலை. அவர் கையை விட்டுட்டு எறங்கிப் போயிட்டாரு. பேரப்புள்ளைங்க பின்னாடியே போச்சு. நான் பொட்டும் ஆரத்தித் தண்ணியுமா நிக்கிறேன்.

விடிஞ்சதும் காரியம் நின்னுபோச்சு. நான் காபி குடிச்சுக்கிட்டு இருக்கேன், பிரசிடென்ட்டு வந்து மேடம்கிட்டச் சொல்றாரு. "நேத்து ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிட்ட ஆளுக்கு இன்னிக்குக் கருமாதி பண்ணினா ஊருக்கு ஆகுமா? நீங்களே சொல்லுங்கம்மா." மேடம் எவ்வளவோ சொன்னாங்க, அது நாடகம்னு. "சாவும் நாடகம்தானே, அதை ஒத்துக்கிட்டோமில்ல? அப்ப வந்ததையும் ஒத்துக்கணும்"னுட்டாரு. ஒரு குத்தம் சொல்ல முடியுமா? சொந்தபந்தம் எல்லாம் வந்தது வந்தபடி சாப்பிட்டுட்டுப் போயிருச்சு. பிசைஞ்சு வச்ச மாவை மாட்டுக்குப் போட்டாங்க. அந்த அமாவாசைக்கும் வீரமலை மூணு வேளையும் சாப்பிட்டிருக்காரு.

இதுல நான் என்ன சார் தப்புப் பண்ணினேன்? செத்தவனை எழுப்பினேன். கோயில்ல அப்படி ஒரு சாமி இருந்தா விழுந்து கும்பிடுவாங்க. என்னைக் குழுவை விட்டே எடுத்துட்டாங்க. இப்ப என் வேசத்துல ஒரு பேங்க்காரன் நடிக்கிறான். வாயைத் திறந்து தண்ணின்னு கேக்குறான், செத்துடுறான். அவ்வளவுதான். அது கலையா? சாக்குக்குள்ள அசையாமக் கிடக்கானாம், மேடம் ரொம்பப் பாராட்டுறாங்களாம்.

போன வாரம் மேடம் போன் பண்ணினாங்க. "வீரமலை ஐயா மூணு நாளா ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்திருக்காரு சார். மூச்சு வாங்குது. அவர் கேக்குறது ஒண்ணுதான். நீங்க வந்து சாகணும்"னாங்க. அந்தப் பேங்க்காரனை அனுப்புங்களேன்னு கேட்டேன், கொஞ்சம் குத்தலாத்தான். அது ஆகாதாம். உள்ள கூப்பிட்ட ஆளுதான் வெளியே போகணும்னு ஊர் சொல்லிருச்சாம். ஆரத்தி எனக்குத்தானே எடுத்தாங்க?

சரின்னேன். கலைஞன்னா கூப்பிட்ட எடத்துக்குப் போகணும். ஆனா கேளுங்க, மேடை கிடையாதாம். மைக்கு கிடையாது, லைட்டு கிடையாது, மேக்கப்பு கிடையாது. வீரமலை வீட்டு வாசல்ல கயித்துக் கட்டில்ல படுக்கணும். வீட்டு ஆளுங்க, ஊர்ப் பெரியவங்க ஏழெட்டுப் பேரு. தண்ணின்னுகூடக் கேக்கக் கூடாதாம். கண்ணை மூடணும். துணியைப் போர்த்துவாங்க. பிரசிடென்ட்டே சொல்லுவாரு, மாவலிப்பட்டி பெரியண்ணன் செத்துட்டான்னு. அவங்க மாவு உருவத்தைத் தூக்கிட்டு வாய்க்கால் பக்கம் போற வரைக்கும் நான் அசையக் கூடாது. அப்புறம் யார் கண்ணுலயும் படாமக் கொல்லைப் பக்கமா எந்திரிச்சுப் போயிடணும். ஒரு காபி கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு எப்படி இருக்கும்?

வீட்ல சொன்னேன். என் சம்சாரம் கையில இருந்த கரண்டியைக் கீழ போட்டுருச்சு. "இத்தனை வருசமா மேடையில செத்தீங்க, நான் ஒரு வார்த்தை சொன்னேனா? மேடை வேற. ஒரு வீட்டு வாசல்ல, சொந்தபந்தம் சுத்தி நிக்க, மகன்னு ஒருத்தர் கொள்ளி வைக்க நீங்க பொணமாப் படுக்கிறதா? அந்தாளு காரியம் பண்ணுவாரு. யாருக்குப் போய்ச் சேரும் அது? படுத்தது யாரு?"ன்னு கேட்டுச்சு. தாலியைக் கையில புடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு சார். சமயபுரம் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, பயம்தான். எனக்குச் சக்கரை இருக்கு, போன வருசம் ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கேன். மேடையில செத்தா விளக்கு அணையும், எந்திரிச்சு வந்து கும்பிடுவோம், இவன் சாகலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அந்தக் கும்பிடு எதுக்குன்னு இந்த வாரம்தான் யோசிச்சேன். இங்க கும்பிடே கிடையாதே? அப்புறம் நான் எந்தக் கணக்குல இருப்பேன்?

அதனால ஒரு யோசனை பண்ணி வச்சிருக்கேன். மேடம்கிட்டச் சொல்லலை, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். பிரசிடென்ட்டு சொல்லி முடிச்சதும், அவங்க மாவு உருவத்தைத் தூக்குறதுக்கு முன்னாடி, துணியை விலக்கிட்டு எந்திரிச்சு ஒரே ஒரு கும்பிடு. "நான் பெரியண்ணன் இல்லை, பொன்மலை பவளக்கண்ணன்"ன்னு ஒரு வார்த்தை. சத்தமாக்கூட வேணாம். யாருக்கும் நஷ்டமில்லையே? பெரியண்ணனும் செத்த மாதிரி இருக்கும், நானும் பொழைச்ச மாதிரி இருக்கும். சனம்கூட ஒருவேளை கை தட்டலாம். என்ன சொல்றீங்க? ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க? நீங்களும் ஜெசிந்தா மேடம் மாதிரியே பார்க்கிறீங்களே.

புலிவலம் தாண்டிட்டோமா? அப்ப வந்துருச்சு. அந்த வளைவு திரும்பினா விலக்குதான். கூப்பிட யாரையாச்சும் அனுப்புறேன்னு சொன்னாங்க, வண்டி எடுத்துட்டு வந்திருப்பாங்க.

அதோ, யாரோ நிக்கிறாங்க பாருங்க. புளியமரத்துக்குக் கீழ. யாரு அது? இவ்வளவு வயசானவரை ஏன் வெயில்ல நிக்க விட்டிருக்காங்க, தடியை ஊனிக்கிட்டு... சார், வீரமலை மாதிரி இருக்கு. வீரமலைதான். எனக்கு அடையாளமே தெரியலை.

தலையை மழிச்சிருக்காரு சார். மீசையும் இல்லை. ஆள் செத்து, எழவு சொன்னப்புறம்தானே மழிப்பாங்க? நான் இன்னும் பஸ்ஸை விட்டே எறங்கலை. போன தடவை அத்தனை பேர் முன்னாடி ஏமாந்த மனுசன், இன்னிக்கு என்னை நம்பி முன்கூட்டியே மழிச்சுட்டு வந்து நிக்கிறாரு. பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்குறாரு பாருங்க. எங்கப்பா வர்ற பஸ்ஸை நான்கூட அப்படித்தான்... கண்டக்டர், நிறுத்துங்க, விலக்குல எறங்கணும்.

இதுக்கு மேல நான் எப்படி சார் எந்திரிக்கிறது?